மந்திரவாதியைக் கண்டு ஊர் ஏன் அஞ்ச வேண்டும்? (விவாத இழை)

கவ்வாத்து (தலவாக்கலை)

வணக்கம் நண்பர்களே. ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதையாட்டம் டன்ஜன்ஸ் அண்ட் ட்ரகன்ஸ். அதில் நான் நடத்திவரும் ஆட்டம் ஒரு முக்கியமான கட்டத்தில் நிற்கிறது. அடுத்த அமர்வுக்கு முன் உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன். நாங்கள் 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைப் பின்பற்றுகிறோம். சென்ற அமர்வின் இறுதியில் மலையடிவாரத்து ஊர் ஒன்றைக் கொள்ளையர் சூழ்ந்துகொண்டார்கள். குழுவிலுள்ள ஐந்தாம் லெவல் மந்திரவாதி ஃபயர்போல் என்ற தீக்கோள மந்திரத்தை ஏவினார். கொள்ளையர் அனைவரும் மாண்டார்கள். ஊராரில் ஒருவரும் சாகவில்லை. ஆனால் அந்தத் தெருவில் ஒரு வரிசை வீடுகள் முழுவதும் எரிந்துபோயின. மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள் என்ற இடத்தில் ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறேன்.

இத்தகைய இடத்தில் வழக்கமாக இரண்டில் ஒன்றே நடக்கும். ஊரார் மாலை போட்டு விருந்து வைப்பார்கள், அல்லது தீப்பந்தங்களைத் தூக்கிக்கொண்டு துரத்துவார்கள். இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. மக்கள் மந்திரவாதிகளை அஞ்சுகிறார்கள் என்று உலக வருணனையில் எழுதிவிடும் விதிநூல்கள் பல உண்டு. ஆனால் அந்த அச்சம் பகடை உருளும் இடத்துக்கு வந்து சேர்வது அரிது. தங்களைக் காப்பாற்றிய ஒருவரையே அஞ்ச வேண்டியிருக்கும் ஊர் எப்படி நடந்துகொள்ளும்? அந்த அச்சத்தை, மந்திரவாதியாக ஆடுபவருக்குத் தண்டனையாக மாற்றாமல், கதையின் எடையாக மாற்றுவது எப்படி?

ஊவாக்காற்று (பண்டாரவளை)

கவ்வாத்து அண்ணா, ஊராருடைய அச்சத்தின் காரணம் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண ஊர்வாசி ஒருவருக்கு ஐந்தாம் பதிப்பு கொடுத்திருப்பவை 4 உயிர்ப்புள்ளிகள். அவை தீர்ந்தால் அவர் வீழ்வார். ஃபயர்போல் மந்திரத்துக்கு ஆறுமுகப் பகடைகள் எட்டை உருட்டுகிறோம். எட்டிலும் ஒன்றே விழுந்தாலும் சேதம் 8. ஊர்வாசி தம் தப்பும் பகடையில் வென்று பாதிச் சேதத்தை மட்டும் ஏற்றாலும் அது 4. மந்திரவாதிக்கு இதைவிட மோசமாகப் பகடை விழ முடியாது, ஊர்வாசிக்கு இதைவிட நன்றாக விழ முடியாது என்ற நிலையிலும் அவர் வீழ்ந்தே தீர்வார். வாளேந்திய வீரன் வந்தால் ஓடலாம், ஒளியலாம், நாலு பேர் சேர்ந்து மடக்கலாம். இந்தத் தீயின் முன் ஊர்வாசிக்குச் செய்வதற்கு எதுவுமே இல்லை.

அதன் ஆரம் 20 அடி, எட்டும் தூரம் 150 அடி. தீ மூலைகளைச் சுற்றிப் பரவும் என்றும், யாரும் அணிந்தோ கையில் ஏந்தியோ இராத எரியக்கூடிய பொருள்களைப் பற்றவைக்கும் என்றும் விதி சொல்கிறது. நம் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய பழைய லய அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. லயத்து வாசலில் இந்த மந்திரம் வெடித்தால் நான்கு வீடுகளின் முகப்பை அது முழுமையாக எட்டும். கதவு திறந்திருந்தால் உள்ளேயும் புகும். மந்திரவாதி நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி அங்கே எழுவதற்கு முன்பே அச்சம் வந்துவிடும். ஒருவர் தம் மனம் மாறிய ஒரு கணத்தில் நான்கு குடும்பங்களை அழிக்க முடியும் என்றால், அவர் மனத்தை நாள்தோறும் கவனிப்பதே அந்த நான்கு குடும்பங்களின் வேலையாகிவிடும்.

ஆயினும் ஃபயர்போலைவிட அஞ்சத்தக்கது சார்ம் பர்சன் என்ற முதல் நிலை மந்திரம் என்றே நான் கருதுகிறேன். அதற்கு ஆட்பட்டவர் மந்திரவாதியைத் தம் நண்பராகக் காண்கிறார். மந்திரம் முடிந்ததும் தாம் ஆட்படுத்தப்பட்டதை உணர்ந்துகொள்கிறார். ஓர் ஊரில் இது ஒரேயொரு முறை நடந்துவிட்டால் போதும். அதன்பின் அந்த மந்திரவாதி யாரோடு சிரித்துப் பேசினாலும், யாரிடம் கடன் வாங்கினாலும், அது இயல்பாக நடந்ததா என்ற ஐயம் எழும். தீயைக் கண்டவர்கள் மந்திரவாதியை மட்டும் அஞ்சுவார்கள். இதைக் கண்டவர்கள் தங்கள் அண்டை வீட்டாரின் வாக்கையும் நம்ப மாட்டார்கள். கடைசியில் தங்கள் சொந்த முடிவுகளையே நம்ப மாட்டார்கள். சோர்சரர் என்ற இன்னொரு மந்திர வகுப்பினர் சப்டில் ஸ்பெல் என்ற திறனைப் பெற்றால், வாய் அசையாமலும் கை அசையாமலும் இதைச் செய்துவிடலாம். அப்படி ஒருவர் உலகில் இருக்கிறார் என்ற செய்தி மட்டுமே ஒரு சந்தையைக் கலைத்துவிடும்.

இரவுப்பகடை (ஹட்டன்)

அந்த மந்திரவாதியாக ஆடுபவன் நான்தான். அக்கா எழுதிய கணக்கு சரியானது. என் தரப்பையும் கேட்க வேண்டுகிறேன்.

இந்த ஆட்டத்தின் பழைய விதிகளை விரும்பிப் படிப்பவன் நான். 1978ஆம் ஆண்டின் அட்வான்ஸ்ட் விதிநூலில் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளியாக ஒரு நான்குமுகப் பகடை மட்டுமே உண்டு. முதல் லெவலில் நாளொன்றுக்கு ஒரு மந்திரம். கவசம் அணியக் கூடாது. மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால் மந்திரம் வீணாகிவிடும். அந்த மந்திரவாதி பெரும் ஆற்றலை நோக்கி நடந்தாலும், ஒவ்வொரு அடியிலும் தன் முன்னால் கேடயம் பிடித்து நிற்கும் நண்பனை நம்பியே நடந்தான். ஊரும் அவனை அஞ்சியது. அவனும் ஊரை அஞ்சினான். ஒரு கல்லெறி போதும், அவன் கதை முடிந்துவிடும்.

பிறகு வந்த பதிப்புகள் இந்தப் பலவீனங்களை ஒவ்வொன்றாக நீக்கின. 2000இன் மூன்றாம் பதிப்பில், அடிபட்டாலும் பகடை உருட்டி மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றானது. ஐந்தாம் பதிப்பில் ஃபயர்போலைச் சொல்லும்போது யாரும் அடித்துக் கலைக்க முடியாது. தொடர்ந்து நீடிக்கும் மந்திரங்களுக்கு மட்டுமே அந்த ஆபத்து எஞ்சியிருக்கிறது. பிறர் துணை தேவைப்படும் ஒருவரை ஊர் நம்புவது எளிது. யாருடைய துணையும் தேவைப்படாதவரிடம் நம்பிக்கை வைப்பதற்கு ஊருக்கு என்ன பிடிமானம் இருக்கிறது? என் கதாபாத்திரத்தின் தனிமை இதிலிருந்து பிறக்கிறது என்றே நினைக்கிறேன். அவனைத் தண்டிப்பதால் அந்தப் பிடிமானம் திரும்பி வராது, அண்ணா. எதிரிகள் அனைவரும் அவனையே முதலில் குறிவைப்பதும், ஒவ்வோர் ஊரிலும் காவலர்கள் அவனை மட்டும் நிறுத்திச் சோதிப்பதும் சலிப்பைத்தான் தரும்.

பைன்மரம் (நுவரெலியா)

2000ஆம் ஆண்டில் வந்த போல்டர்ஸ் கேட் கணினி ஆட்டத்தின் இரண்டாம் பாகத்திலுள்ள அத்கட்லா நகரத்தைப் பாருங்கள். அங்கே தெருவில் மந்திரம் ஏவினால் கௌல்ட் விசார்ட்ஸ் என்ற அமைப்பினர் தோன்றித் தடுப்பார்கள். 5000 பொற்காசுகள் கட்டி அனுமதி வாங்கியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்கள் ஊரிலும் ஒரு சட்டம் இருக்கட்டும். ஆடுபவர் அதற்குள் நடந்துகொள்வார்.

கவ்வாத்து

பைன்மரம், அந்த ஆட்டத்தை நானும் நேசிக்கிறேன். ஆனால் அந்த அனுமதியில் ஊர்வாசிக்கு என்ன கிடைக்கிறது? காசு மந்திரவாதிகளின் அமைப்புக்கே போகிறது. எரிந்த வீட்டுக்காரர் அந்தப் பேரத்தில் எங்குமே இல்லை. எனக்கு வேண்டியது அவருடைய குரல்.

கரும்பலகை (மஸ்கெலியா)

பிள்ளைகளே, இந்த இழையைப் படித்து மகிழ்ந்தேன். அச்சத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். அஞ்சப்படுகிறவரின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

2009ஆம் ஆண்டின் ட்ரகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் என்ற கணினி ஆட்டத்தில் மந்திர ஆற்றலோடு பிறக்கும் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சர்க்கிள் என்ற கோபுரத்தில் அடைக்கிறார்கள். டெம்ப்ளர் வீரர்கள் காவல் நிற்கிறார்கள். பிள்ளையின் இரத்தத்தைச் சிறு குப்பியில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். தப்பி ஓடினால் அந்த இரத்தமே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். வளர்ந்தபின் ஒரு சோதனை. அதில் தோற்றால் அங்கேயே வெட்டிவிடுவார்கள். சோதனைக்குத் துணியாதவரின் உணர்ச்சிகளையும் மந்திரத்தையும் ஒருசேர அறுத்து, சாந்தமான ஒரு நடைப்பிணமாக்கி வேலை வாங்குவார்கள்.

இவ்வளவும் மக்களின் பாதுகாப்புக்காக என்று சொல்லப்படுகிறது. ஆனால் அதே ஆட்டத்தில் ரெட்கிளிஃப் ஊரில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கொனர் என்ற சிறுவனிடம் மந்திர ஆற்றல் வெளிப்படுகிறது. மகனைக் கோபுரத்துக்குக் கொடுக்க மனமில்லாத தாய் அதை மறைத்து, தப்பியோடி வந்த ஒரு மந்திரவாதியை இரகசியமாக ஆசிரியராக அமர்த்துகிறாள். அந்த ஆசிரியரே சிறுவனின் தந்தைக்கு நஞ்சு கொடுத்துவிடுகிறார். தந்தையைக் காப்பாற்றத் துடித்த சிறுவன் ஒரு துர்ச்சக்தியோடு உடன்படிக்கை செய்துகொள்கிறான். இரவுதோறும் பிணங்கள் எழுந்து ஊரைத் தாக்குகின்றன. அவன் ஆற்றல் மட்டும் அந்த ஊரை அழிக்கவில்லை. ஆற்றலை வெளியே சொல்ல முடியாதபடி செய்த சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

நான் இதை ஆடியபோது நம் மலையகத் தமிழரின் வரலாற்றை நினைக்காமலிருக்க முடியவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கடன் கணக்கெழுதிய துண்டு வேண்டும் என்றிருந்த காலம் நமக்கு உண்டு. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948இன் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மலைநாட்டுத் தொகுதிகளில் நம் வாக்குகளின் எண்ணிக்கையைக் கண்ட அச்சமும் அதற்கான காரணங்களில் ஒன்று. கணக்கெடுக்கப்பட்டு, பதியப்பட்டு, நகர முடியாமல் வைக்கப்படுகிறவரைக் காணும்போது என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. ஆகவே, உங்கள் ஊர்க் கூட்டத்தில் மந்திரவாதிக்காகப் பேசும் ஒருவரையேனும் வையுங்கள்.

மாசிப்பனி (பொகவந்தலாவை)

சேர், உங்கள் உணர்வை நான் முழுமையாக மதிக்கிறேன். ஆயினும் இந்த ஒப்புமையில் ஓர் ஆபத்து இருக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் பாட்டன் பாட்டிமாரின் கையில் இருந்தவை கொழுந்துக்கூடையும் கவ்வாத்துக் கத்தியும். அவர்களால் ஒரு சொல்லில் ஒரு தெருவை எரிக்க முடியாது. அவர்களைப் பற்றிய அச்சம் பிறரால் உண்டாக்கப்பட்டது. அந்த அச்சத்தால் ஆதாயம் பெற்றவர்கள் இருந்தார்கள். மந்திரவாதியைப் பற்றிய அச்சமோ, ஊவாக்காற்று அக்கா காட்டியதுபோல, கணக்கிலேயே மெய்யானது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மந்திரவாதிகளை உவமையாக வைக்கும் ஆட்டம் நம்மீது இரக்கம் காட்டுவதாக நினைத்துக்கொண்டே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது: இவர்களை அஞ்சியதற்கு ஏதோ காரணம் இருந்தது என்று. அதை நான் ஏற்க மாட்டேன்.

தோட்டத்து வாழ்க்கையில் மந்திரவாதிக்கு இணையான ஒருவரைத் தேடினால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்றவர்களிடம் அவரைக் காண முடியாது. பங்களாவில் இருந்தவரிடமே காணலாம். தோட்டத்தை நிருவகித்த துரையின் ஒரு சொல்லில் பேர் வெட்டப்படும். பேர் வெட்டப்பட்டால் வேலையும் போகும், லயத்து அறையும் போகும். அவர் நல்லவராக இருக்கலாம். மழைக்காலத்தில் கம்பளி கொடுக்கலாம். நோயாளியைத் தம் வாகனத்தில் வைத்தியசாலைக்கு அனுப்பலாம். அவருடைய நற்குணம் அவர் விரும்பும்வரைதான் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். அந்த அறிவே அச்சம். டன்ஜன்ஸ் அண்ட் ட்ரகன்ஸுக்காக 1991இல் வந்த டார்க் சன் என்ற கற்பனை உலகத்தில் நகரங்களை ஆள்பவர்களே மாபெரும் மந்திரவாதிகள். ட்ரகன் ஏஜ் உலகத்திலும் டெவின்டர் என்ற பேரரசை மந்திரவாதிகளே ஆள்கிறார்கள். கோபுரத்தில் அடைபட்ட சிறுவனைக் காட்டும் ஆட்டம், கட்டுப்படுத்தப்படாத அதே ஆற்றல் எங்கே கொண்டுபோய்விடும் என்பதையும் மறைக்கவில்லை.

கவ்வாத்து அண்ணனுக்கு இதனால் ஒரு வழி கிடைக்கலாம். தனித்தனியாக அஞ்சியிருந்த நம் மக்கள் 1940 வாக்கில் தொழிற்சங்கமாகத் திரண்டார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் முல்லோயா தோட்டத்துத் தொழிலாளியான கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தபோதும் அந்தத் திரட்சி நிற்கவில்லை. அஞ்சுகிற மக்கள் தீப்பந்தம் தூக்கும் கும்பலாகத்தான் மாறுவார்கள் என்று ஆட்டங்கள் ஏன் நினைக்கின்றன? அவர்கள் கூடி அமர்ந்து நிபந்தனைகளை எழுதவும் கூடும். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் மந்திரவாதியை அழைத்து, எங்களைக் காப்பாற்றினீர்கள், நன்றி, இனி இந்த ஊரின் எல்லைக்குள் இன்னின்னவற்றைச் செய்யக் கூடாது, எரிந்த வீடுகளுக்கு இதைத் தர வேண்டும் என்று கேட்கட்டும்.

கரும்பலகை

மாசிப்பனி, ஆற்றல் உள்ளவரை ஆற்றல் அற்றவருக்கு உவமையாக்கக் கூடாது என்ற உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளையைத் துரையோடு ஒப்பிட என் மனம் இடந்தராது. துரை தம் பதவியை நாடி வந்தவர். கொனர் தன் ஆற்றலைக் கேட்டுப் பெறவில்லை.

மாசிப்பனி

அது நியாயமான வேறுபாடு, சேர். பிறப்போடு வந்த ஆற்றலுக்குப் பிள்ளை பொறுப்பாக முடியாது. கற்றுத் தேர்ந்து ஐந்தாம் லெவலை எட்டிய ஒருவர் தாம் ஏவிய தீக்குப் பொறுப்பாவார். நம் இரவுப்பகடையின் கதாபாத்திரம் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

ஊவாக்காற்று

இந்த வேறுபாட்டை விதிகளுக்குள் கொண்டுவந்த ஆட்டங்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஏனெனில் அண்ணா முதலில் கேட்டது இதைத்தான்.

சற்று முன் குறிப்பிடப்பட்ட டார்க் சன் உலகத்தில் மந்திரத்துக்கான ஆற்றல் மண்ணிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் உறிஞ்சப்படுகிறது. அவசரக்காரரான டிஃபைலர் மந்திரம் ஏவினால் சுற்றியுள்ள பயிர் சாம்பலாகிறது. பொறுமையாகக் கற்ற பிரிசர்வர் அந்த அழிவைத் தவிர்க்கிறார். தொலைவில் நிற்கும் உழவருக்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லை. ஆகவே இருவரையும் வெறுக்கிறார். தேயிலை மலையில் பிழைத்தவர்களுக்கு இந்த வெறுப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. மண் செத்தால் அந்த மலையில் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லையென்றால் கைக்காசு இல்லை. மந்திரத்தின் விலையை மந்திரவாதி செலுத்தாமல் அடுத்தவரின் நிலம் செலுத்துகிறது என்ற ஒரே விதி, அந்த உலகத்தின் அரசியல் முழுவதையும் பிறப்பித்துவிடுகிறது.

வோர்ஹாமர் ஃபேன்டஸி ஆட்டத்தின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் மந்திரத்துக்கான பகடைகளில் ஒரே எண் இரண்டு முறை விழுந்தால் ஏதேனும் விபரீதம் நிகழும். சிறிய விபரீதங்களில் ஒன்று, அருகிலுள்ள பால் திரிந்துபோவது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். கோட்டை இடிந்து விழுவதைவிட, காலையில் பிள்ளைக்கு வைத்திருந்த பால் திரிந்துபோனது ஊர்வாசியின் அச்சத்துக்கு நெருக்கமானது. அது பேச்சாகப் பரவும். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் நாலு பேர் சொல்லிக்கொள்ளும் அளவிலான செய்தி அது.

எனினும் இந்தப் பொருளை ஆழமாகச் சிந்தித்தது, 1987இல் ஜொனதன் ட்வீட், மார்க் ரைன்ஹேகன் இருவரும் உருவாக்கிய ஆர்ஸ் மாஜிகா ஆட்டம்தான் என்பது என் முடிவு. அதில் மந்திர ஆற்றலோடு பிறந்தவரின் அருகில் வரும் மனிதருக்கும் விலங்குக்கும் காரணமில்லாத ஐயமும் வெறுப்பும் எழும். அவர் ஒரு பிழையும் செய்திருக்க வேண்டியதில்லை. மந்திரவாதிகள் ஊரிலிருந்து விலகித் தங்களுக்குள் கூடி வாழ்கிறார்கள். சாதாரண மக்களின் காரியங்களில் தலையிட்டுச் சக மந்திரவாதிகளுக்குக் கேடு வரவழைக்கக் கூடாது என்ற சட்டம் அவர்களுக்கு உண்டு. இதனினும் சிறப்பானது, ஆடும் முறை. ஒருவரே எப்போதும் மந்திரவாதியாக ஆடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதியும் மந்திரமற்ற ஒரு துணைவரும் இருப்பார்கள். காவலரும் ஏவலரும் எல்லோருக்கும் பொது. இன்று மந்திரவாதியாக ஆணையிட்டவர், நாளை அந்த ஆணைக்குப் பணியும் காவலராக ஆடுகிறார். அச்சத்தை இதைவிட நேர்மையாக அறிவதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நம் டன்ஜன்ஸ் அண்ட் ட்ரகன்ஸுக்குத் திரும்பினால், 2008இன் நான்காம் பதிப்பு எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அமைப்பிலான ஆற்றல்களைக் கொடுத்து ஏற்றத்தாழ்வைச் சமன்செய்தது. சண்டை நேர்த்தியானது. ஆனால் வீரரும் மந்திரவாதியும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டபோது, மந்திரத்துக்கென்று தனியாக ஓர் அச்சம் எஞ்சவில்லை. ஆகவே வெறும் சமன்பாடு நமக்கு விடையாகாது.

கவ்வாத்து

ஊவாக்காற்று, ஆட்களை மாற்றி ஆடும் யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. ஊர்க் கூட்டத்தை நான் ஒருவனே பல குரல்களில் பேசி நடத்துவதற்குப் பதிலாக, மற்ற ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பெரியவராக அமரலாம். எரிந்த வீட்டுக்காரர் ஒருவர், அந்தத் தீ இல்லையென்றால் கொள்ளையரிடம் மகனை இழந்திருக்கக்கூடிய தாய் ஒருவர், ஊர் நிருவாகி ஒருவர். இரவுப்பகடை மட்டும் தன் மந்திரவாதியாகவே வரட்டும்.

இன்னொரு கேள்வி. ஊருக்கு அவரைத் துரத்திவிடும் விருப்பம் இருந்தால், கூட்டம் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். அவரை வைத்துக்கொள்ள ஊருக்கு என்ன காரணம் இருக்கும்?

மாசிப்பனி

தேவைதான் காரணம், அண்ணா. நம் தோட்டங்களில் உடுக்கடித்துப் பேயோட்டும் கோடாங்கியை மக்கள் எப்படி நடத்தினார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பகலில் அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். சூனியம் எடுக்கத் தெரிந்தவருக்கு வைக்கவும் தெரியும் என்பது பொது நம்பிக்கை. ஆனால் நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, பிள்ளை கண்ணை உருட்டிப் பிதற்றினால், அதே தாய் லாம்பை எடுத்துக்கொண்டு அவர் கதவைத்தான் தட்டுவாள். அவர் உடுக்கெடுத்து வருவார், திருநீறு போடுவார், விடிந்ததும் அவருக்கு உரியதைக் கொடுத்து அனுப்புவார்கள். மறுநாள் மீண்டும் பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் தாயிடம் இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அஞ்சுவதும் அழைப்பதும் ஒரே ஆற்றலைப் பற்றிய இரண்டு சரியான முடிவுகள்.

ஆட்டங்களில் அச்சம் மெலிந்துபோவதற்குக் காரணம், அங்கே ஊருக்கு மந்திரவாதி தேவைப்படுவதே இல்லை என்பதுதான். கொள்ளையரைக் கொல்வது குழுவின் வேலை. குழு போய்விட்டால் ஊர் பழையபடி வாழும். உங்கள் ஊருக்கு ஒரு தொடர்ந்த தேவையைக் கொடுங்கள். கொள்ளையரின் மீதிப் படை மலைக்குப் பின்னால் இருக்கட்டும், அல்லது மந்திரத்தால் மட்டும் தீரக்கூடிய நோய் ஒன்று இருக்கட்டும். அப்போது பெரியவர்களால் அவரை எளிதாகத் துரத்தவும் முடியாது, எளிதாக வணங்கவும் முடியாது.

அதோடு, தீ எரிந்த மறுநாளை விரைவாகக் கடந்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பது ஒரு கணம். அதன் பிறகு இரதியின் புலம்பல் நீண்டு ஒலிக்கும், பார்க்கும் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். எரித்தவரின் ஆற்றலை அந்தக் கூத்து மறுக்கவில்லை. ஆனால் தன் நேரத்தை இழந்தவளுக்கே கொடுக்கிறது. ஃபயர்போலுக்கு எட்டுப் பகடைகளை உருட்ட அரை நிமிடம் போதும். எரிந்த வீட்டுக்காரர் பேசுவதற்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

கரும்பலகை

மிகச் சரி. தவத்தின் விலை பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். விசுவாமித்திரர் ரம்பையைச் சினந்து கல்லாகச் சபித்தபோது, அவர் நெடுங்காலம் சேர்த்த தவப்பயன் அந்தச் சினத்திலேயே அழிந்தது. சபிக்க முடியும், ஆனால் சபித்தவரின் கையிருப்பும் கரையும். அருச்சுனன் தவமிருந்து பெற்ற பாசுபதமும் வலுவற்றவர்மீது ஏவப்படலாகாது என்ற எச்சரிக்கையோடுதான் கொடுக்கப்பட்டது. நம் மரபில் பேராற்றல் தனியாக வருவதில்லை. விலையோடோ கட்டளையோடோ வருகிறது. ஐந்தாம் பதிப்பின் மந்திரவாதி எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் எல்லா ஆற்றலும் திரும்பிவிடுகிறது. ஊர் திரும்புகிறதா என்பதை மட்டும் அந்த விதி கேட்பதில்லை.

இரவுப்பகடை

சேர், இதை நான் விரும்பி ஏற்கிறேன். உயிர்ப்புள்ளியிலோ மந்திர எண்ணிக்கையிலோ கைவைக்காமல், ஊரின் நம்பிக்கையை ஒரு கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம். நான் மக்கள் முன்னிலையில் மந்திரம் ஏவும்போது யார் பார்த்தார்கள், என்ன பார்த்தார்கள், யாரிடம் சொன்னார்கள் என்று கவ்வாத்து அண்ணா குறித்துக்கொள்ளட்டும். நான் ஊருக்குப் பயன்பட்டால் அதுவும் குறிக்கப்படட்டும். அந்தக் குறிப்பு என் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா?

கவ்வாத்து

தெரிய வேண்டாம், தம்பி. ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது மந்திரவாதிக்கும் முழுமையாகத் தெரியாது. நீ கேட்டு விசாரிக்கலாம். யாரைக் கேட்கிறாய் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஊவாக்காற்று

இதில் நான் மாறுபடுகிறேன். மறைத்து வைத்தால் அது ஆட்டத்தை நடத்துபவரின் மனநிலையாகிவிடும். குறைந்தபட்சம், என்னென்ன செயல்கள் குறிக்கப்படுகின்றன என்ற பட்டியலாவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

கவ்வாத்து

பட்டியலைத் தருகிறேன், கணக்கை மட்டும் என்னிடம் வைத்துக்கொள்கிறேன்.

இரவுப்பகடை

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கூட்டத்துக்கு வரும்போது என் மந்திரவாதி தன் மந்திரப் புத்தகத்தை எரிந்த வீட்டுக்காரரின் கையில் ஒப்படைத்துவிட்டு அமர்வார்.

ஊவாக்காற்று

தம்பி, அது ஊருக்கு ஆறுதல் தராது. புத்தகம் இல்லாவிட்டாலும், ஏற்கெனவே தயார்செய்த மந்திரங்கள் உன் நினைவில் இருக்கும். இதை அறிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால், நீ ஏமாற்றுவதாகவே நினைப்பார். ஃபயர்போலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும், அல்லது அவற்றுக்கு ஈடான மந்திரக்கோல் வேண்டும். பொருள்பையையும் கோலையும் ஒப்படை. அவற்றைப் பெரியவர்கள் கையில் வாங்கிப் பார்க்கலாம், தங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அவை இல்லாமல் அந்தத் தீ பிறக்காது.

மாசிப்பனி

சார்ம் பர்சனுக்குப் பொருள் எதுவும் தேவையில்லையே, அக்கா. சொல்லும் கையசைவும் போதும்.

ஊவாக்காற்று

ஆம். அதன் எல்லை 30 அடி. விவரமறிந்த ஊராக இருந்தால் அவருடைய ஆசனத்தை அதற்கு அப்பால் போடுவார்கள்.

கவ்வாத்து

நாற்பது அடியில் போடுகிறேன். பொருள்பையும் கோலும் எரிந்த வீட்டுக்காரரிடம் இருக்கும். கொள்ளையரின் மீதிப் படை மலைக்குப் பின்னால் இருக்கும். பெரியவர்களாக ஆடுபவர்களுக்கு அவரவர் வீட்டு நிலைமையை எழுதி ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அனுப்புகிறேன். தம்பி, அவ்வளவு தொலைவிலிருந்து நீ உரக்கப் பேச வேண்டியிருக்கும். நீ சொல்வது ஊர் முழுவதற்கும் கேட்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்.